பெங்களூர் அடுப்பில் மார்மலேட்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வல்லார் பலர் இம்மேடையில் வீற்றிருக்க, யான் கமலாப்பழத் தோலைப் பற்றிப் பேச வந்துள்ளேன். குடகுக் கமலா நம் சந்தைக்கு வரும் நாள்களில் சுளையை உண்டு தோலை எறிகிறோம். மார்மலேட்டுக்கு உயிர் அத்தோலேயாகும்.

இப்பெயர் போர்த்துக்கீசியர் தந்தது. மார்மெலோ என்னும் பழத்தைச் சர்க்கரையிட்டுக் காய்ச்சிய கட்டிக்கே முதலில் வழங்கிற்று. பின்னரே கசப்பு ஆரஞ்சுக்கு உரியதாயிற்று. கசப்பென்று அஞ்ச வேண்டுவதில்லை. நாரத்தங்காயை உப்பிலிட்டுப் போற்றும் நமக்கா கசப்பு அயல்?

தோலை மெல்லிய இழைகளாய் அரிந்து, நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுக. பழச்சதை, விதை, தோலின் உட்புற வெண்பகுதி ஆகியவற்றைத் தனியே நீர்விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுக. கூழை உறையச் செய்யும் பெக்டின் அவற்றில்தான் மிகுதி. கமலாவில் புளிப்புக் குறைவாதலின் எலுமிச்சைச் சாறு சேர்த்தல் நன்று. தோல் நன்கு குழைந்த பின்னரே சர்க்கரை இடல் வேண்டும். முந்தி இட்டால் தோல் இறுகிவிடும். வடித்த சாற்றின் எடைக்கு ஏறக்குறையச் சம எடை சர்க்கரை போதும்.

இனி, இவ்வூருக்கே உரிய செய்தி ஒன்று. நூல்களெல்லாம் 105 பாகை செல்சியசில் இறக்குக என்று கூறும். அது கடல்மட்டக் கணக்கு. இரயில் நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் கடல்மட்டத்திற்கு மேல் இத்துணை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பயணிகள் படிப்பதில்லை. எங்களைப் போன்றாரே படிப்போம். சென்னை சில மீட்டர். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை தாழ்வதால், ஈண்டு நீர் 97 பாகையிலேயே கொதிக்கிறது. ஆகவே இங்கே 102 பாகை எய்தும்போதே பதம் வந்துவிடும். நூலை நம்பி 105 வரை காத்திருந்தால் பாகு முறுகி, சர்க்கரையும் பழமும் அரைநாள் உழைப்பும் பாழ். வெப்பமானி இல்லையேல் கவலை வேண்டா. குளிர்ந்த தட்டில் ஒரு துளி இட்டு விரலால் தள்ளுக; மேலாடை சுருங்கினால் இறக்கலாம். அதிரசப் பாகுக்குப் பதம் பார்த்த கைக்கு இது பெரிதன்று.

புட்டிகளைக் கழுவி, கொதிநீரில் இட்டு எடுத்து, சூடாகவே நிரப்பி, விளிம்பில் அரை விரற்கடை இடம் விட்டு மூடுக. மூடிய புட்டிகளை மீண்டும் நீருள் அமிழ்த்திக் கொதிக்க வைத்தல் வேண்டும். கடற்கரை ஊர்களில் 5 நிமிடம் போதும். இங்கே நீரின் சூடு குறைவாதலின் 10 நிமிடம். உருக்கிய மெழுகால் மூடும் பழைய வழக்கத்தை இன்று வல்லுநர் ஒப்புவதில்லை. இடுக்கில் பூசணம் புகும்.

இதில் கைதேர்ந்த தாய்மார் சிலர் அவரையையும் பீன்சையும் இவ்வாறே அடைக்க முற்படுகின்றனர். அது மிகக் கேடு. பழத்தில் புளிப்பும் சர்க்கரையும் காவல்; காய்கறியில் அக்காவல் இல்லை. கொதிநீருக்கு மடியாத நுண்ணுயிர் ஒன்று காற்றற்ற புட்டிக்குள் வளர்ந்து நஞ்சு கக்கும். பல சமயம் மணத்தாலும் சுவையாலும் அதனை அறிய இயலாது; உயிரையே குடிக்கும். காய்கறிக்கு அழுத்தக் கலத்தில், மேட்டு நிலத்திற்குரிய அழுத்தமும் நேரமும் கணக்கிட்டுச் செய்தல் வேண்டும். ஐயமுள்ளோர் 1950-இல் மைசூரில் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டுத் தெளியலாம். அதுவரை பீன்சை அன்றன்றே பொரியல் செய்துவிடுக.