கூரை மேல் காத்திருந்தவர்கள்

2019 மார்ச் 14 இரவு. மொசாம்பிக் நாட்டின் பெய்ரா துறைமுக நகரை இடாய் புயல் புரட்டிப் போட்டது. பூசி, புங்வே ஆறுகள் கரைபுரண்டு, ஏழைகளின் சோளக் காடுகளை விழுங்கின. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கூரை மேலும் மரக்கிளையிலும் மக்கள் காத்திருந்தார்கள். சாலை இல்லை, தொலைபேசி இல்லை. யார் எங்கே தவிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

தேடிப் போனவர்களில் எம்.ஏ.எஃப். என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பின் விமானிகளும் உண்டு. சிறு விமானத்தில் வெள்ளத்தின் மேல் பறந்து, மக்கள் சிக்கியிருந்த இடங்களைக் கண்டு சொன்னார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய ஊழியம் இதுதான் என்பேன். வெள்ளம் வடிய, காலரா வந்தது. ஏப்ரலில் 8 லட்சம் பேருக்கு மேல் தடுப்பு மருந்து குடித்தார்கள்.