தீமோத்தேயு படித்த வேதம்



வேதாகமத்தில் பிழையே இல்லை என்று திருச்சபையார் சொல்வது ஒன்று. வேதாகமமே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறதா என்பது வேறொன்று. இன்று இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1978இல் சிகாகோவில் 200க்கும் மேற்பட்ட சுவிசேஷ அறிஞர்கள் கையொப்பமிட்ட அறிக்கையே இக்கோட்பாட்டின் இன்றைய முகம். எழுதியவர்கள் கவனமானவர்கள். தெய்வ ஏவுதல், கறாராகப் பார்த்தால், மூலப்பிரதிக்கே உரியது. நகலும் மொழிபெயர்ப்பும் மூலத்தை ஒத்திருக்கும் அளவுக்குத்தான் தேவவசனம் என்றார்கள். பிரின்ஸ்டன் இறையியல் மரபைச் சேர்ந்த ஹாட்ஜும் வார்ஃபீல்டும் 1881இலேயே இந்த வேலியைப் போட்டிருந்தார்கள். மூலப்பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது.

இவர்கள் முதலில் காட்டும் ஆதாரம் 2 தீமோத்தேயு 3:16. அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்திருந்த வேத எழுத்துகளைப் பற்றித்தான் அங்கே பேச்சு. புதிய ஏற்பாடு தொகுக்கப்படாத காலம் அது. தாய் யூத விசுவாசி, தகப்பன் கிரேக்கன். அந்த வீட்டுப் பிள்ளை படித்தது நகல்தான். அதுவும் பெரும்பாலும் கிரேக்க மொழிபெயர்ப்பாக இருந்திருக்கும். தேவனால் அருளப்பட்டது, உபதேசத்துக்கும் சீர்திருத்தலுக்கும் பயனுள்ளது என்று நிருபம் போற்றுவது அதைத்தான். கோட்பாடு மூலத்தைத் தேடி ஓடுகிறது. வசனமோ கையிலிருக்கும் நகலை நம்பச் சொல்கிறது.

வேதவாக்கியம் தவறாதது என்னும் யோவான் 10:35 இதைவிடக் கனமான சாட்சி. ஆனால் அங்கே இயேசு நிலைநாட்டுவது ஒரு சங்கீத வரியின் அதிகாரத்தை. பெயர், எண்ணிக்கை பற்றி அங்கே பேச்சில்லை.

எண்ணிக்கை என்றதும் தாவீது எடுத்த தொகைக்கணக்கு நினைவுக்கு வரும். 2 சாமுவேல் 24இல் இஸ்ரவேலர் 8 லட்சம், யூதா மனுஷர் 5 லட்சம். 1 நாளாகமம் 21இல் 11 லட்சமும் 4,70,000மும். சமாதானம் சொல்ல வழிகள் உண்டு. இறையியல் மாணவர்களான நீங்கள் அவற்றைப் பரீட்சைக்கே படித்திருப்பீர்கள். சகரியாவில் உள்ள முப்பது வெள்ளிக்காசை மத்தேயு 27:9 எரேமியாவின் பெயரில் சொல்வதற்கும் விளக்கங்கள் உண்டு. கால்வினோ அந்தப் பெயர் எப்படி வந்ததென்று தமக்குத் தெரியாது, அதைத் துருவி அலட்டிக்கொள்ளவும் இல்லை என்று எழுதிவிட்டு நகர்ந்தார். எனக்குப் பிடித்த விளக்கவுரை அது!

நான் நின்று பார்க்க விரும்புவது 1 கொரிந்தியர் 1:14-16. கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார் பவுல், அதற்காக ஸ்தோத்திரமும் செலுத்துகிறார். அடுத்த மூச்சிலேயே ஸ்தேவான் வீட்டார் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன், வேறு யாருக்காவது கொடுத்தேனா, தெரியவில்லை என்கிறார். மொத்தமாகப் பார்த்தால் இதில் பொய்யில்லையே என்பார்கள் கோட்பாட்டார். உண்மைதான். ஆனால் மறதியைத் தடுப்பதே ஏவுதலின் வேலை என்றால், இங்கே அது நடக்கவில்லை. பவுல் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய நிருபம் இது. கடைசி வாழ்த்துதான் அவர் கைப்பட எழுதியது. முந்தைய வரியை அடித்துவிட்டுச் சரியாக எழுது என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இது நகலெடுத்தவன் செய்த பிழையும் அல்ல. நாளைக்கே கொரிந்துவில் மண்ணைத் தோண்டி மூலப்பிரதியையே எடுத்தாலும், பவுல் மறந்ததும் திருத்திக்கொண்டதும் அதில் இருக்கும்.