கடல் கடந்த வேலையின் செலவு யார் தலையில்?

(சர்வகலாசாலை ஊழியர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெளிநாட்டில் வேலை செய்யும் சர்வகலாசாலை ஊழியர்களுக்குரிய படிகளையும் சலுகைகளையும் பற்றிப் பேச இன்று கூடியிருக்கிறோம். "இது நமக்கு எதற்கு? விமானம் ஏறிப் போகிற நாலு பேராசிரியர்களின் கவலையல்லவா?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் காலம் போய்விட்டது. சென்னை ஐ.ஐ.டி. 2023ல் டான்ஸானியா நாட்டின் ஸான்ஸிபார் தீவில் ஒரு கிளையைத் திறந்தது. டில்லி ஐ.ஐ.டி. 2024ல் அபுதாபியில் வகுப்புகளைத் தொடங்கியது. நம் கல்வி ஸ்தாபனங்களே கடல் கடந்து போகின்றன. அங்கு உழைப்பவரின் கதி என்ன என்பது இனி நம் வீட்டுப் பிரச்னை.

கிளை என்றால் பேராசிரியர் மட்டுமல்ல. கட்டடம் கட்டுகிறவர், சமைக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், இரவெல்லாம் வாசலில் காவல் நிற்கிறவர் எல்லோரும் சேர்ந்ததுதான் கிளை. இவர்களில் யாருக்குப் படி உண்டு, யாருக்கு இல்லை? நமக்கு முன்னால் இந்தப் பாதையில் போன ஒரு பெரிய சர்வகலாசாலையின் அனுபவத்தை வைத்து இதைப் பரிசீலிப்போம்.

படியும் கடனும்

முதலில் ஒரு எளிய கணக்கு. தன் ஊரை விட்டு அந்நிய நாட்டில் வேலை செய்யப் போனால் அதற்கென்று ஒரு செலவு உண்டு. பிரயாணச் செலவு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், வருஷத்துக்கு ஒரு முறையாவது ஊருக்கு வந்து போகும் செலவு. இந்தச் செலவு மாயமாக மறைந்துவிடாது. யாராவது ஒருவர் கொடுத்தே தீர வேண்டும். வேலைக்கு அழைத்தவர் கொடுத்தால் அதற்குப் பெயர் படி. வேலைக்குப் போகிறவரே கொடுத்தால் அதற்குப் பெயர் கடன். விஷயம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

மகிழ்ச்சித் தீவு

2007ல் நியூயார்க் சர்வகலாசாலையும் அபுதாபி அரசும் ஒரு உடன்பாடு செய்துகொண்டன. செலவை அபுதாபி அரசு ஏற்றது. 2010ல் வகுப்புகள் ஆரம்பமாயின. 2014ல் ஸாதியாத் தீவில் கட்டி முடித்த புதிய வளாகத்துக்கு சர்வகலாசாலை குடிபெயர்ந்தது. ஸாதியாத் என்ற அரபுச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள்.

அங்கு பேராசிரியர் வேலைக்கான விளம்பரங்களைப் பாருங்கள். சம்பளத்துக்கு மேல் குடியிருப்பு வசதி, குழந்தைகளின் கல்விக்கு உதவித் தொகை என்று எழுதியிருக்கும். அந்த நாட்டில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அமெரிக்கப் பிரஜை எங்கு சம்பாதித்தாலும் தன் நாட்டு வரி இலாகாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் தொடர்ந்த 12 மாதங்களில் 330 நாட்கள் வெளிநாட்டில் இருந்தவர், 2024ஆம் வருஷக் கணக்கில் 1,26,500 டாலர் வரையுள்ள சம்பாத்தியத்துக்கு விலக்குக் கோரலாம்.

இதையெல்லாம் பொறாமையோடு சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பேராசிரியரும் உழைப்பாளிதான். பெண்டு பிள்ளைகளோடு வேற்று நாட்டுக்குப் போகிறவருக்கு வீடும் பள்ளிக்கூடமும் வேண்டும். அவருக்குக் கிடைப்பது நியாயமே. அதே வளாகத்துக்குச் செங்கல் சுமந்தவருக்கு அந்த நியாயம் ஏன் எட்டவில்லை? இதுதான் நம் கேள்வி.

காகிதத்தில் இருந்தது, கையில் இல்லை

சர்வகலாசாலை சும்மா இருக்கவில்லை. கட்டடத் தொழிலாளிகளுக்காக 2009ல் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வேலைக்கு வருவதற்காகத் தரகர்களுக்குக் கொடுத்த பணம் திருப்பித் தரப்படும், பாஸ்போர்ட் தொழிலாளியின் கையிலேயே இருக்கும், மிகை நேர வேலைக்குக் கட்டாயம் கிடையாது என்றெல்லாம் அதன்படி விதிகள் வகுக்கப்பட்டன. நல்ல ஷரத்துக்கள்தான்.

2014 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர்கள் அந்தத் தொழிலாளிகளிடம் நேரில் விசாரித்து எழுதினார்கள். ஏறக்குறைய எல்லோருமே தரகுப் பணம் கட்டி வந்தவர்கள். சிலர் கட்டியது ஒரு வருஷக் கூலிக்குச் சமம். திரும்பப் பெற்றவர் இல்லை. சொன்ன கூலியை எட்டிப் பிடிக்கவே ஒரு நாளைக்கு 11, 12 மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், ஏழு நாள் உழைக்க வேண்டியிருந்தது. ஒரே அறையில் 15 பேர் படுத்த இடமும் இருந்தது. பாஸ்போர்ட்டோ தொழிலாளியின் கையில் இல்லை. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் போலீஸாரிடம் அடிபட்டதாகவும் நாட்டை விட்டு அனுப்பப்பட்டதாகவும் சொன்னார்கள். சர்வகலாசாலை மன்னிப்புக் கேட்டது.

இதே சர்வகலாசாலையின் பேராசிரியர் ஆண்ட்ரூ ராஸ் இந்தத் தொழிலாளிகளின் நிலையை ஆராய்ந்து எழுதி வந்தவர். 2015 மார்ச்சில் அபுதாபி செல்ல நியூயார்க் விமான நிலையத்துக்குப் போன அவரை விமானம் ஏறவே விடவில்லை. அந்நாட்டு அதிகாரிகள் அவருக்குத் தடை போட்டிருந்தார்கள். கூலிக்காரனின் வாயை மூடுகிற கை ஒரு நாள் பேராசிரியரின் வாயையும் மூடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஓட்டை எங்கே?

நல்ல விதி ஏன் பலிக்கவில்லை? 2015 ஏப்ரலில் நார்டெல்லோ என்ற விசாரணைக் கம்பெனியின் அறிக்கை வெளிவந்தது. விதிகள் செல்லுபடியான இடத்தில் அவை பெரும்பாலும் அனுசரிக்கப்பட்டன என்று அது சொன்னது. அதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வேலை செய்த சுமார் 30,000 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு, அதாவது சுமார் 10,000 பேருக்கு, அந்த விதிகள் செல்லுபடியே ஆகவில்லை! சிறிய ஒப்பந்தம், குறுகிய கால வேலை என்ற பெயரில் அவர்களுடைய கம்பெனிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. 10 லட்சம் டாலருக்குக் குறைந்தால் அது சிறிய ஒப்பந்தமாம்!

விடுபட்டவர்களுக்கு ஈடு செய்வதாக சர்வகலாசாலை அறிவித்தது. ஆனால் அதற்குள் கட்டடம் முடிந்துவிட்டது. கட்டியவர்கள் திசைக்கொருவராகச் சிதறிவிட்டார்கள்.

"அவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள், நம் ஊழியர்களல்ல" என்ற வாதம் நமக்குப் புதிதா? பிரதம காண்டிராக்டர், அவருக்குக் கீழ் ஒருவர், அவருக்கும் கீழ் ஒருவர் என்று படிக்கட்டு இறங்க இறங்க உரிமை தேய்கிறது. அந்த நாட்டில் தொழிற்சங்கம் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. விதி மீறப்பட்டால் கூடி நின்று கேட்க தொழிலாளிக்கு ஸ்தாபனம் இல்லை.

நம் ஊர் நிலைமை

ஐக்கிய அரபு எமிரேட்ஸின் 2021ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்கிறது. முதல் ஐந்து வருஷ சர்வீஸுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆண்டுக்கும் 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2017ல் திருத்திய விதிப்படி, பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கட்டணம் வாங்கக் கூடாது. அதே ஆண்டில் திருத்திய இன்ஷூரன்ஸ் திட்டத்தில் 275 ரூபாய் பிரீமியத்துக்கு, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் உண்டு. தெரிந்து கொள்ளுங்கள், தெரியாதவருக்குச் சொல்லுங்கள். ஆனால் ராமநாதபுரம், புதுக்கோட்டை ஜில்லாக்களில் வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். ரசீது இல்லாமல் கைமாறிய பணத்தையும், அதற்காக அடகுக் கடைக்குப் போன நகையையும் பற்றிச் சொல்வார்கள்.

நாம் கேட்பது என்ன?

முதலாவது: வெளிநாட்டில் கிளை திறக்கும் எந்தக் கல்வி ஸ்தாபனமும், பேராசிரியர் முதல் துப்புரவுத் தொழிலாளி வரை, யாருக்கு என்ன படி என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும்.

இரண்டாவது: உப காண்டிராக்டரின் ஆளுக்கும் அதே விதி பொருந்த வேண்டும். சிறிய ஒப்பந்தம் என்ற விலக்கு கூடாது.

மூன்றாவது: தரகுப் பணத்தை "ரசீது கொண்டு வா" என்று இழுத்தடிக்காமல் வேலை கொடுத்தவர் திருப்பித் தர வேண்டும்.

நான்காவது: மேற்பார்வை அறிக்கை வேலை நடக்கும்போதே பகிரங்கமாக வர வேண்டும். கட்டடம் முடிந்த பிறகு வருகிற அறிக்கையால் தொழிலாளியின் கடன் அடையாது.

ஐந்தாவது: குறையைச் சொன்னதற்காக யாரையும் வேலையிலிருந்தோ நாட்டிலிருந்தோ விரட்டக் கூடாது.

இவை ஆகாத கோரிக்கைகள் அல்ல. பேராசிரியருக்கு இவற்றில் பல ஏற்கெனவே கிடைக்கின்றன. ஆகவே பேராசிரியர்களே, உங்கள் படியைக் குறைக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், "என் வகுப்பறையைக் கட்டுகிறவருக்கு என்ன ஏற்பாடு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது விசாரிப்பு. நாம் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை. சேர்ந்து கேட்போம்!