சூளையும் சுவாசமும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்பவர்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. சூளையில் புகை படிந்தால், எத்தனை சிரத்தையோடு வனைந்த பொம்மையானாலும் அதன் வெண்மை கெட்டுவிடும். பொம்மைக்குப் பொருந்துவது நம் சுவாசத்துக்கும் பொருந்தும்.

டெல்லி மாநகரம் வாகனப் புகையில் மூழ்கியிருந்த காலத்தில், நகரப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டுமென்று 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆக்ஞை பிறப்பித்தது. ஆக்ஞை மட்டும் போதவில்லை. எரிவாயு நிலையங்களின் முன் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. அரசாங்கமும், எரிவாயு நிறுவனமும், பேருந்து உடைமையாளரும், ஆட்டோ ஓட்டுநரும் தத்தம் பங்கைச் செய்த பிறகே, 2002-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் காரியம் பூர்த்தியாயிற்று. ஒருவரால் ஆகாதது, பலர் கூடியதால் ஆயிற்று.

அத்தகைய கூட்டு முயற்சிக்கு நம் கடலூர் மாவட்டத்திலும் வழி உண்டு. இங்கே கரும்பு விளைகிறது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகிலிருந்து எத்தனால் பிறக்கிறது. அது பெட்ரோலில் கலந்து வண்டியை ஓட்டுகிறது. விவசாயியும் ஆலையும் வாகன உடைமையாளரும் ஒன்றுபட்டால் நம் காற்றும் தூய்மை பெறும்.

மாசி மகத் திருவிழாவில் விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் தேரை ஊர் கூடி இழுக்கிறோம். புகையை விரட்டவும் அவ்வாறே ஊர் கூடுவோம்.