தூங்காத மூக்கு

நாம் தூங்கும்போது காது பாதி விழித்திருக்கும். மூக்கு நன்றாகத் தூங்கிவிடும். நடுராத்திரியில் புகை சூழ்ந்தாலும் அதன் வாடை நம்மை எழுப்பும் என்று நம்ப முடியாது. அந்தக் காவலுக்குத்தான் ஸ்மோக் டிடெக்டர். புகையை மோப்பம் பிடித்து, காதில் வந்து கத்தும். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளுக்கு இது கட்டாயம்.

எங்கே மாட்டுவது? புகை மேலே ஏறும், அதனால் கூரையில். ஆனால் சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்கி நிற்கும். அங்கே புகை தாமதமாகத்தான் போய்ச் சேரும். 4 அங்குலமாவது தள்ளி மாட்டுங்கள். மின்விசிறிப் பக்கமும் வேண்டாம், புகையை விரட்டிவிடும். படுக்கையறையிலும் அதற்கு வெளியிலும், ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பாருங்கள். 10 வருஷம் ஆனால் கருவியையே மாற்றிவிடுங்கள்.

அடுப்பிலிருந்து 10 அடி தள்ளியே இருக்கட்டும். ஒருவர் அடுப்புக்கு நேர் மேலே மாட்டினார். மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அலறல். கடைசியில் பேட்டரியைக் கழற்றிவிட்டார்.

நண்பர் கேட்டார்: “இப்போ நல்லா வேலை செய்யுதா?”

“பிரமாதம்! நிமிஷம் தவறாம ஓடுது.”

“எது?”

“சுவர்க் கடிகாரம்!”