டீக்கடைக் கணக்கு

"அவங்க வீட்டுல ஆளுக்கு எட்டுப் பிள்ளைங்க. இன்னும் கொஞ்ச நாள்ல நாமதான் சிறுபான்மை." டீக்கடை பெஞ்சில் போன வாரமும் முஸ்லிம்களைப் பற்றி இது காதில் விழுந்தது. சொன்னவர் நல்ல மனிதர்தான், கணக்குதான் தப்பு.

மத்திய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். 1992-93-ல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள். 2019-21-ல் 2.36. ஏறக்குறைய பாதியாகிவிட்டது! இந்துப் பெண்களுக்கு 3.3 என்பது 1.94 ஆனது. வித்தியாசம் இன்னும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு மேல் இருந்த இடைவெளி 2019-21-ல் அரைக் குழந்தைகூட இல்லை.

இன்னொன்று. அதே 2019-21 ஆய்வில் கேரளத்து முஸ்லிம் பெண்ணுக்கு 2.25, பீகாரின் இந்துப் பெண்ணுக்கு 2.88. மதம்தான் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்? பள்ளிக்கூடமே போகாத பெண்களுக்குச் சராசரி 2.8, பன்னிரண்டு வருஷமும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. வீட்டில் எத்தனை தொட்டில் ஆடும் என்பதில் பெண்ணின் படிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த முறை பெஞ்சில் இந்தப் பேச்சு வந்தால், கோபப்படாமல் கேரளத்தையும் பீகாரையும் எடுத்துச் சொல்லுங்கள்.