தாயின் பேர் கணக்கில் வராத சட்டம்

(கூட்டமைப்பின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழு தொடங்கி வங்கிக்குப் போனப்போ நம்மகிட்ட முதலில் என்ன கேட்டாங்க? ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை. "எதுக்கு இத்தனை காகிதம்?" என்று நாம் அலுத்துக்கொண்டோம். காகிதம் காட்டச் சொல்லியே பல லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கிய கதை ஒன்று உண்டு. அவர்கள் நம் சொந்தங்கள்தான். இலங்கை மலையகத் தமிழர்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் அவர்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. ஆண்கள் காட்டை அழித்தார்கள், பெண்கள் முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தார்கள். லயத்து வீட்டிலேயே தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளை பெற்று வளர்த்தார்கள்.

1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களுடைய இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பா அங்கே பிறந்திருக்கணும், இல்லாவிட்டால் அப்பாவழித் தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்கணும். அதை நிரூபிக்கவும் வேண்டும். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்று இருக்கும்?

சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்க. முறைப்படி கல்யாணம் ஆன தாய் எங்கே பிறந்தாள் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. பெற்றவளின் பேர் கணக்கிலேயே வரலை!

1949இல் விண்ணப்பம் போடலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. 8 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்குத்தான். குடியுரிமை போனதும் ஓட்டும் போச்சு. 1952இல் சத்தியாக்கிரகம் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை. "கள்ளத்தோணி" என்ற ஏச்சுதான் மிச்சம்.

1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் காய்கறியைக் கூறு கட்டுவது மாதிரி! சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரிக்குப் போய், 1968இல் அரசு அவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள்.

அங்கேயே தங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. தொழிற்சங்கமாய்ச் சேர்ந்து விடாமல் கேட்டார்கள். 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் வந்த பிறகே நாடற்ற நிலை தீர்ந்தது. அதே 2003இல்தான் தாய் குடிமகளாக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று சட்டம் மாறியது. ஒரு தாயின் பேரை ஏற்க 55 வருஷம் ஆனது!

இதில் நமக்கு என்ன பாடம்? உரிமையை ஒரே நாளில் பறித்துவிடலாம், திரும்ப வாங்க ரெண்டு தலைமுறை ஆகும். ஆகவே ஒவ்வொரு குழுவும் மூன்று வேலை செய்வோம். வாக்காளர் பட்டியலில் நம் பேர் இருக்கிறதா என்று நாமே போய்ப் பார்ப்போம். ஊரில் குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வைப்போம். ஊர் ஓரத்து இருளர் குடும்பத்துக்கோ, செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துக்கோ சான்றிதழ் இல்லையென்றால் "அவங்க நம்ம ஊரா?" என்று கேட்காமல், கூடவே தாலுகா ஆபீசுக்குப் போவோம்.

அந்தக் கேள்வியைக் கேட்டுத்தானே மலையகத் தாய்மாரை நாடற்றவர் ஆக்கினார்கள்? அதை நாம் கேட்க வேண்டாம்.